கலைஞர் காப்பீட்டு அட்டை பல்லுக்குச் செல்லுமா?

கேள்வி இது: "காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆத்தாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. மேலே நாலு, கீழே மூன்று பல்தான் மிச்சம். அதிலும் இரண்டு ஆடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் போட 25,000 ரூபாய் ஆகும் என்று தனியார் கிளினிக்கில் சொல்கிறார்கள். தனியார் காப்பீடு எதுவும் எங்களிடம் இல்லை. கலைஞர் காப்பீட்டு அட்டை மட்டும் இருக்கிறது. அது செல்லுமா? டொராண்டோவில் இருக்கும் தம்பி, 'இங்கே பல்லுக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது, ஆத்தாவை அனுப்பி வை' என்கிறான். தை மாதம் வீட்டில் கல்யாணம் வேறு. என்ன செய்யலாம்?"

அட்டை பல்செட்டுக்குச் செல்லாது. தம்பி சொல்கிற வழியும் ஆத்தாவுக்கு ஒத்துவராது. ஆனால் 25,000 ரூபாய் கடன் வாங்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.

முதலில் அட்டை. ஊரில் எல்லோரும் இன்னும் கலைஞர் காப்பீடு என்றுதான் சொல்கிறோம். 2009-இல் அந்தப் பெயரில் வந்தது, 2012-இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டிவிடும். தொகையைப் பார்த்தால் பல்செட் எல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அந்தத் திட்டம் இதயம், சிறுநீரகம், புற்றுநோய், எலும்பு முறிவு என்று ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்க வேண்டிய பெரிய செலவுகளுக்காக வகுத்தது. சொத்தை அடைப்பது, ரூட் கேனல், கேப், பல்செட் எல்லாம் உட்கார்ந்து செய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற வேலைகள். அவை இதற்குள் வராது.

அதற்காக வாய் சம்பந்தமாக எதற்குமே செல்லாது என்று அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டாம். தாடை எலும்பு முறிந்தால் அதை வைத்துக் கட்டும் அறுவை சிகிச்சை, வாய்ப் புற்றுக்கான அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை போன்றவற்றுக்கு அட்டை உதவும். நம் பக்கம் இதை அழுத்தியே சொல்ல வேண்டும். விருந்து முடிந்தால் வெற்றிலைத் தட்டு வருவது இங்கே மரியாதை. வெற்றிலையோடு போகும் பாக்கு மட்டுமே போதும், புகையிலை சேராவிட்டாலும், அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் ஆத்தாவுக்குப் பாக்குப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பல்லைக் காட்டப் போகும்போது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முன்போல அகலமாகத் திறக்காமல் இறுகிப்போவது, இதில் எது இருந்தாலும் பல்செட்டை விட அதுதான் முதல் வேலை.

"தனியார் காப்பீடு இல்லை" என்று கொஞ்சம் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இருந்திருந்தாலும் இந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. இந்தியாவில் விற்கும் சாதாரண மருத்துவ பாலிசிகளில் விபத்தில் பல் உடைந்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சை என்றாலோதான் பணம் வரும். வயதாகிப் பல் விழுந்ததற்குப் பல்செட் கட்டப் பணம் தரும் பாலிசி அபூர்வம். எதிர்வீட்டுக்காரர் பெரிய கம்பெனி பாலிசி வைத்திருந்தாலும் பல் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் கைக்காசுதான்.

ஒரே ஒரு காப்பீடு மட்டும் வேறு மாதிரி. நீங்கள் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னதால் கேட்கிறேன்: சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் அதில் இருக்க வேண்டும். உங்களிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். கலைஞர் அட்டை போலப் படுக்கையில் சேர்ந்தால்தான் என்ற கதை இதில் இல்லை. வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கலாம், பல் காட்டலாம். உங்களை நம்பி இருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம், ஆத்தாவின் சொந்த வருமானம் அவர்கள் வைத்திருக்கும் வரம்புக்குள் இருந்தால். உங்கள் பெயர் பதிவாகியுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினால், தேவைக்கு ஏற்ப மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடத்துக்கு எழுதித் தருவார்கள். கடைவீதியில் எத்தனையோ பேரிடம் மாதாமாதம் இந்தப் பணம் பிடிக்கப்படுகிறது. அதை வைத்துப் பல் காட்டலாம் என்று தெரிந்தவர் மிகக் குறைவு. பணி ஓய்வு பெற்ற பிறகும், குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி கணவன் மனைவி இருவருக்கும் தொடரலாம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பதை உங்கள் கடைக்கணக்கில் நீங்களே பார்த்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ. இல்லை என்றாலும் வழி இருக்கிறது. நம் மாநிலத்தில் பல்லுக்கு அரசு தரும் உதவி அட்டையாக வருவதில்லை, பல் நாற்காலியாக வருகிறது. தனியார் டாக்டருக்குப் பணம் கட்டாமல், அரசே டாக்டரையும் நாற்காலியையும் வைத்திருக்கிறது. அதில் உட்கார வருமானச் சான்றும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். ஓ.பி. சீட்டு போதும். எந்த நாற்காலியில் எந்த வேலை நடக்கும் என்பது தெரியாமல் போய்த்தான் நம் ஆட்கள் "கவர்மெண்ட்டில் பல்லைப் பிடுங்க மட்டும்தான் தெரியும்" என்று திரும்பி வருகிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கும் பல் டாக்டர் ஒருவராகத்தான் இருப்பார். காலை முழுக்க வரிசை நிற்கும். வலி என்று வருபவருக்கு மருந்து, ஆடும் பல்லை எடுப்பது, சின்னச் சொத்தையை அடைப்பது, பல் சுத்தம் செய்வது, இதற்கே நேரம் சரியாகிவிடும். கடைவாய்ப் பல் ரூட் கேனல் ஒன்றுக்கு ஒரே ஆளிடம் பலமுறை, ஒவ்வொரு முறையும் நெடுநேரம் உட்கார வேண்டும். பல்செட்டுக்கோ ஆய்வுக்கூடமும் அச்சு வார்க்கத் தெரிந்த டெக்னீஷியனும் வேண்டும். காரைக்குடி தலைமை மருத்துவமனை, சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மேலே போகப்போக வசதி கூடும். ஆனாலும் முழுப் பல்செட் என்று வந்தால் போக வேண்டிய இடம் பல் மருத்துவக் கல்லூரி.

அது இப்போது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதற்கு முன்பு அரசுப் பல் கல்லூரி என்றால் நம்மவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் சிதம்பரம். சிதம்பரம் கல்லூரிக்கும் நம் மண்ணுக்கும் சம்பந்தம் உண்டு. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பல் கல்லூரிதான் பிறகு அரசின் கைக்கு வந்து கடலூர் மாவட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆனது. சரி, அது கிடக்கட்டும். காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல ஆகும். செட்டிநாடு, திருமயம் ஸ்டேஷன் வழியாக ரயிலும் உண்டு. நீங்கள் சிவகங்கை மாவட்டம், அது வேறு மாவட்டமாயிற்றே என்று தயங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊர் கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை.

கல்லூரியில் ஒரே டாக்டர் எல்லாவற்றையும் செய்யமாட்டார். முதலில் வாய்ப் பரிசோதனைப் பிரிவு. அங்கே பார்த்து எக்ஸ்ரே எடுத்து, பல் எடுக்க ஒரு பிரிவுக்கும், ஈறுக்கு ஒரு பிரிவுக்கும், செயற்கைப் பல்லுக்கு இன்னொரு பிரிவுக்கும் எழுதித் தருவார்கள். முதல் நாள் அலைச்சலாகத்தான் தோன்றும். மாணவர்கள் கை வைப்பார்களே என்ற பயம் பலருக்கு உண்டு. புதுக்கோட்டையில் முதலில் சேர்ந்தவர்கள் இப்போதுதான் நோயாளிகளைத் தொடும் ஆண்டுகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தாலும் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்ததற்குப் போக முடியும். என்னைக் கேட்டால் முழுப் பல்செட்டுக்கு அவசரக்கார கிளினிக்கை விட இது மேல். மாணவருக்கு அது தேர்வுக்கான வேலை, அளவு சரியாக வரவில்லை என்றால் மறுபடி எடுப்பார். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பல்செட் செய்வது எப்படி என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் ஆத்தாவுக்குப் பொறுமை வரும். ஒரு தட்டில் பசை போன்ற பொருளை வைத்து வாய்க்குள் அழுத்தி அச்சு எடுப்பார்கள். குமட்டும், மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். அடுத்த முறை, மெழுகில் வரப்பு மாதிரி செய்து மேலும் கீழும் வைத்துக் கடிக்கச் சொல்லி, தாடை எந்த உயரத்தில் சேர்கிறது என்று குறிப்பார்கள். அதற்கடுத்து, அந்த மெழுகில் பற்களை நட்டு வாயில் வைத்துக் கையில் கண்ணாடியைக் கொடுப்பார்கள். நீங்கள் கூடவே இருக்க வேண்டிய நாள் அதுதான். பல் பெரிதாகத் தெரிகிறதா, உதடு தூக்கிக்கொண்டு நிற்கிறதா, பேசும்போது மேலும் கீழும் இடிக்கிறதா என்று பாருங்கள். ஆத்தாவை எண்ணச் சொல்லுங்கள், பேரன் பேத்தி பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் டாக்டர் முன்னால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குறை சொல்வார்கள். மெழுகில் இருக்கும்வரை ஒரு பல்லைக்கூட நகர்த்தலாம். அக்ரிலிக்கில் வார்த்த பிறகு தேய்த்துச் சரிசெய்ய மட்டுமே முடியும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், செயற்கைப் பல்லுக்கான பொருளுக்கு ஏதாவது கட்ட வேண்டியிருக்கிறதா என்பதை அந்தப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இப்போது தை மாதக் கணக்கு. பல்லை எடுத்த பிறகு ஈறும் எலும்பும் ஆறிப் படிய இரண்டு மூன்று மாதமாவது விட வேண்டும். அதற்கு மேல் அச்சு, கடி அளவு, மெழுகு, பொருத்துவது என்று நாலைந்து தடவை போக வேண்டும். ஆக ஆடிக்குள் பல் எடுத்தால் கல்யாணத்துக்குப் பல்செட் பழகியே இருக்கும். ஆவணி, புரட்டாசி என்றால் தட்டுத்தடுமாறி வந்துவிடலாம். ஐப்பசிக்கு மேல் போனால் கல்யாணத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பல்லையும் எடுத்தே ஆக வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னதைக் கல்லூரியில் இன்னொரு முறை கேளுங்கள். ஆடாத பல் இரண்டு மூன்று நின்றாலும் அதைப் பிடிமானமாக வைத்துப் பகுதிப் பல்செட் போட முடியும். குறிப்பாகக் கீழ்த்தாடையில் நிற்கிற பல் ஒவ்வொன்றும் சொத்து, அங்கே முழு செட் சுலபமாக ஆடும்.

அதற்கும் முன்னால் சர்க்கரை. அளவு ஏறிக் கிடந்தால் பல் எடுத்த புண் ஆறாது, டாக்டரும் கையை வைக்கமாட்டார், மாத்திரையைச் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவார். ஒரு பஸ் பயணம் வீண். போவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி மாத்திரை தருகிறார்களே, அந்தப் பணியாளரிடமே கேட்கலாம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். ஆத்தாவின் பல் ஆடுவதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது. சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள், மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தம்பி சொன்னது பொய்யில்லை. கனடாவில் அரசுப் பல் பராமரிப்புத் திட்டம் 2023 டிசம்பரில் முதியவர்களிடமிருந்து விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. 2024 மே மாதத்திலிருந்து சிகிச்சை, 2025-இல் மற்ற வயதினருக்கும் திறந்தார்கள். தனியார் பல் காப்பீடு கிடைக்காதவர்களுக்கு மட்டும். குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 கனடிய டாலருக்குள் இருக்க வேண்டும். 70,000-க்குக் கீழே என்றால் திட்டம் நிர்ணயித்த கட்டணம் முழுவதும் அரசு. அதற்கு மேல் 80,000 வரை 40 சதவீதமும், 90,000 வரை 60 சதவீதமும் நோயாளி போட வேண்டும். டாக்டரின் கட்டணம் அரசு வைத்த விலையை விடக் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசமும் நம் தலையில்தான். பல்செட் உண்டு, எலும்பில் பதிக்கிற இம்ப்ளாண்ட் பல் கிடையாது. இதெல்லாம் வரி விஷயத்தில் கனடாவாசியாக இருந்து, அங்கே வரிக் கணக்கும் தாக்கல் செய்தவருக்கு. மகனைப் பார்க்கப் போகிற ஆத்தாவுக்கு இது பொருந்தாது. பெற்றோர் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கக் கனடா தருகிற சூப்பர் விசாவில் போவதென்றாலும் குறைந்தது 1,00,000 டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும், அதுவும் அவசரச் சிகிச்சைக்கானது. தம்பிக்கே கூட, அவர் கம்பெனி பல் காப்பீடு தருவதாக இருந்தால், எடுத்துக்கொள்ளாவிட்டாலும், இந்தத் திட்டத்தில் இடமில்லை.

அங்கே அரசுக்குச் சொந்தமாகப் பல் நாற்காலிகள் அதிகமில்லை, அதனால் தனியார் டாக்டருக்குப் பணம் கட்டுகிறார்கள். எது மேல் என்று கேட்டால், பல் வலியோடு காலையில் எழுந்திருப்பவருக்கு நம் முறைதான் சுலபம். விண்ணப்பம் இல்லை, வரிக் கணக்கு இல்லை, பஸ் ஏறினால் போதும். பல்செட், ரூட் கேனல் மாதிரி நாள் பிடிக்கும் வேலைக்கு அவர்கள் முறை மேல், தெருமுனை டாக்டரிடமே முடித்துக்கொள்ளலாம். நம்மிடம் இரண்டையும் சேர்க்க முடியாதா என்றால் முடியும். கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்குப் பல் கல்லூரிகள் வழியாக அரசு செலவில் பல்செட் தர 'தந்த பாக்கிய' என்று தனித் திட்டமே போட்டார்கள். இங்கே காப்பீட்டுத் திட்டத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு பல்செட் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதய அறுவைக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை. சாப்பாட்டை மென்று தின்ன முடியாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளும் சர்க்கரைக்காரரைப் பற்றித் திட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இடையில் ஒன்று. சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் "ஒரே நாளில் பல் கட்டித் தருகிறோம்" என்று பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஆத்தாவை அழைத்துப் போய்விடாதீர்கள், எத்தனை மலிவாகச் சொன்னாலும். அழுகிய வேரை எடுக்காமலே மேலே ரோஸ் நிறப் பசையை அப்பி, பக்கத்துப் பல்லில் கம்பியால் கட்டிவிடுவார்கள். கழற்றிக் கழுவ முடியாது. உள்ளே சோறு தங்கி, நல்ல பல்லும் சேர்ந்து ஆடத் தொடங்கும். பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லாதவர் இதைச் செய்வது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். சட்டம் இருந்தும் பெட்டிகள் இருக்கின்றன.

வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பைக் விபத்தில் தாடை உடைந்தால் அட்டையைத் தேட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு, வருமானம் பார்க்காமல், சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் பணமில்லாமல் பார்ப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கே வந்து பரிசோதிக்கும் குழு சொத்தைப் பல்லையும் பார்த்து எழுதித் தருகிறது. அந்தச் சீட்டைப் பையிலேயே கசங்க விடாமல் அழைத்துப் போக வேண்டியது நம் வேலை. யாருக்காவது பல் வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் அடித்து, எச்சில் விழுங்கக் கஷ்டமானால், பல் டாக்டரின் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும்.

பல்செட் கைக்கு வந்தவுடன் சீப்புச் சீடையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் குழைந்த சோறும் இட்லியும், இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லப் பழக வேண்டும். கைமுறுக்கெல்லாம் பல மாதம் கழித்து, அதுவும் உடைத்து. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை தவறினாலும் உடையாது. எங்காவது உரசிப் புண்ணானால் பல்செட்டைக் கழற்றிப் பரணில் வைத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். புண் வருவது சகஜம். அதே ஓ.பி. சீட்டோடு அதே பிரிவுக்குப் போனால், உரசும் இடத்தைப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். போவதற்கு முதல் நாள் மட்டும் அதை வாயில் போட்டிருக்கச் சொல்லுங்கள். புண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.